பிரிக்காத பெட்டி

இரண்டாவது ஓடைப் பாலத்தைத் தாண்டிய பிறகுதான் கறுப்புக் கண்ணாடி என் கையிலேயே இருப்பதைப் பார்த்தேன். வெல்டிங் செய்யும்போது முகத்துக்கு நேரே பிடிக்கிற, கைப்பிடி வைத்த ஷீல்டு. மற்ற சாமான்களெல்லாம் ஊராட்சி அறையில் கிடந்தன. இது மட்டும் என் சொந்தம். பையில் திணித்துக்கொண்டு நடந்தேன்.

சங்கரன்கோவிலுக்கு இன்னும் பதினைந்து கிலோமீட்டர் இருந்தது. மினி பஸ் வரும்தான். ஆனால் பஸ் நிற்கிற இடத்தில் அந்த ஊர் ஆண்கள் நாலு பேர் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் முன்னால் போய் நிற்க எனக்கு முகம் இல்லை. சாலையின் இரண்டு பக்கமும் மக்காச்சோளம் அறுத்த கரிசல் நிலம் வெடித்துக் கிடந்தது. மத்தியானம் இரண்டு மணி. காலையில் குடித்த டீயோடு சரி.

இப்படி ஓர் இடத்தை விட்டு நடப்பது எனக்குப் புதிதல்ல. எட்டாம் வகுப்பைப் பாதியில் விட்டவன் நான். கோயம்புத்தூர், ஓசூர், பாலக்காடு என்று கிரில் பட்டறைகளில் பிழைத்தேன். எங்கும் ஒரு வருஷத்துக்கு மேல் தங்கியதில்லை. சில இடத்தில் துரத்தினார்கள், சில இடத்தில் நானே போனேன். இந்த முறை யாரும் துரத்தவில்லை. வேலையில் வைத்துக்கொள்வதாகத்தான் சொன்னார்கள்.

வேலை இதுதான். சங்கரன்கோவிலில் ஒரு மாடியில் பெண்களுக்கான தொழிற்பயிற்சி நிலையம் நடந்தது. வெல்டிங், வயரிங், மோட்டார் காயில் சுற்றுவது. மூன்று மாதம் படித்தால் சான்றிதழ். ஆனால் நோட்டீசைப் பார்த்து யாரும் வரவில்லை. அதனால் வெல்டிங் மிஷினை லோடு ஆட்டோவில் ஏற்றி ஊர் ஊராகப் போய், பெண்களைக் கூட்டி வைத்துச் செய்து காட்ட ஓர் ஆள் தேவைப்பட்டது. அந்த ஆள் நான். கழுத்தில் அடையாள அட்டை தொங்கவிட்ட ஓர் இளைஞர் ஒருங்கிணைப்பாளர். அவரை நான் சார் என்பேன், அவர் என்னை அண்ணே என்பார்.

முந்தின நாள் காலை அந்த ஊரில் மிஷினை இறக்கினோம். கூடவே ஒரு பெரிய அட்டைப்பெட்டி. அதில் இருபது புது ஷீல்டுகள் இருந்தன. திங்கட்கிழமை அதே ஊரில் தொடக்க விழா. சிறப்பு விருந்தினர் பெட்டியைப் பிரித்து ஒவ்வொரு பெண் கையிலும் ஒன்று கொடுக்க, போட்டோ எடுப்பார்கள். அதுவரை பெட்டியை ஊராட்சி அறையில் பத்திரமாக வைத்திருக்க வேண்டும் என்பது உத்தரவு. ஆட்டோவிலிருந்து இறக்கும்போது அந்தப் பெட்டியின் ஒரு முனையை நான் பிடித்தேன். மறுமுனையைப் பிடித்தவள் அந்த ஊர்ப் பெண் ஒருத்தி.

இருபது, இருபத்தொரு வயது இருக்கும். பன்னிரண்டாம் வகுப்பு முடித்துவிட்டு இரண்டு வருஷம் ராஜபாளையம் பக்கத்து நூற்பாலைக்கு வேனில் போய் வந்தவள். பஞ்சுத் தூசியில் இருமல் பிடித்தது. படுத்தால் மூச்சு விசில் அடித்தது. மூன்று மாதத்துக்கு முன்னால் நின்றுவிட்டாள். மானாவாரி நிலத்தை நம்பியிருக்கிற அப்பா வெல்டிங் படிக்கச் சம்மதித்திருந்தார். ஆனால் ஒரு நிபந்தனையோடு. அதைப் பெட்டி தூக்கும்போதே என்னிடம் சொன்னாள்.

"எங்கப்பா மூணு மாசம் பாப்பாவளாம் அண்ணாச்சி. சரிப்படலன்னா திரும்ப மில்லுதான்."

தண்ணீர்த் தொட்டி மோட்டார் அறையிலிருந்து கரண்ட் இழுத்து, தொட்டிக்குக் கீழே மிஷினை வைத்தோம். பன்னிரண்டு பெண்கள் வந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் அம்மாக்கள்.

"ஏ அண்ணாச்சி, எம்மவ அடுப்பு பத்த வைக்கவே நாலு குச்சி உரசுவா. அவ கையில போயி இதக் குடுக்கிய?" என்றாள் ஓர் அம்மா.

"அடுப்புக்கு யாரு சம்பளம் தாரா? அதான் நாலு குச்சி" என்றாள் மகள். எல்லோரும் சிரித்தார்கள்.

இன்னொருத்தி, "வேல பாக்குத எடத்துல பொம்பளையளுக்குக் கக்கூஸ் இருக்குமா?" என்று கேட்டாள். இருக்கும் என்றேன். நான் வேலை பார்த்த பட்டறை எதிலும் ஆண்களுக்கே இருந்ததில்லை.

முதலில் நான் இரண்டு இரும்புப் பட்டைகளை ஒட்டிக் காட்டினேன். பிறகு, யார் வருகிறீர்கள் என்றதும் அந்தப் பெண் முன்னால் வந்தாள். என் ஷீல்டை இடது கையில் கொடுத்தேன். ஒட்டுக்கு உருகுகிற ராடைப் பிடிக்கும் ஹோல்டரை வலது கையில் கொடுத்தேன். மூன்று முறை ராடு இரும்போடு ஒட்டிக்கொண்டது. நான்காவது முறை பொறி பிடித்தது. பிடித்தபின் அவள் கை ஆடவில்லை. நூற்பாலையில் ஓடுகிற கதிரில் அறுந்த நூலை, மிஷினை நிறுத்தாமல் ஒட்டிப் பழகிய கை அது. நான் பல பட்டறைகளில் பல பையன்களின் முதல் நாளைப் பார்த்திருக்கிறேன். அப்படி ஒரு முதல் நாளைப் பார்த்ததில்லை.

ஆறியதும் மேலே படிந்த கசடைச் சுத்தியலால் தட்டினாள். அடியில் ஒட்டு பளபளத்தது. கொஞ்சம் கோணல்.

"தாங்குமா அண்ணாச்சி?"

இரண்டு கல்லுக்கு மேல் வைத்து நான் ஏறி நின்றேன். தாங்கியது. பிறகு அவள் ஏறி நின்றாள். ஒரு பெண் அதைப் போனில் வீடியோ எடுத்தாள்.

அதன்பின் அவள் விடவில்லை. இன்னொன்று, இன்னொன்று என்று ஒரு மணி நேரத்துக்கு மேல் ஒட்டினாள். பட்டறைப் பழக்கத்தில் நான் அவள் முதுகுக்குப் பின்னால் நின்றேன்; மற்ற பதினொரு பேரையும் முகத்தைத் திருப்பிக்கொள்ளச் சொல்லியிருந்தேன். முதலில் திருப்பினார்கள். தங்களோடு மில்லுக்கு வந்துகொண்டிருந்தவள் நெருப்பைக் கையில் பிடித்திருக்கும்போது எத்தனை நேரம் திருப்பிக்கொண்டிருப்பார்கள்? மில் வேனில் தூசிக்குக் கட்டுகிற மாதிரி துப்பட்டாவை இரண்டாக மடித்துக் கண்ணுக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டார்கள். துணி வழியாகத் தெரிகிறதே, கூசவில்லையே என்று நெருங்கி நெருங்கி வந்தார்கள். கூசாததுதான் மோசம். வெல்டிங் வெளிச்சத்துக்குத் துணி ஒரு தடை அல்ல. வெறுங்கண்ணாக இருந்திருந்தால் கூசித் தலையைத் திருப்பியிருப்பார்கள்.

எனக்கு அது தெரியும். தெரிந்தும் ஏன் சும்மா இருந்தேன் என்றால், நான் அப்படித்தான் வளர்ந்தேன். பதினாலு வயதில் கண்ணாடி இல்லாமல்தான் ஒட்டினேன். எத்தனையோ நாள் கண் வீங்கிக் கிடந்து இரண்டாம் நாள் எழுந்து வேலைக்குப் போயிருக்கிறேன். எனக்கு அது ஒரு பொருட்டாகவே தோன்றவில்லை.

அவளுக்குத் தோன்றியது. ஹோல்டரைக் கீழே வைத்துவிட்டு என்னிடம் வந்தாள்.

"அங்கன பெட்டியில இருவது இருக்குல்லா. அவளுவளுக்கு எடுத்துக் குடுங்களேன்."

"அது திங்கக்கிழமைதான் பிரிக்கணும் பிள்ள."

"திங்கக்கிழமைக்கு ஒரு கண்ணு, இன்னைக்கு ஒரு கண்ணா அண்ணாச்சி?"

அவள் சொன்னதற்காக ஒருங்கிணைப்பாளருக்குப் போன் போட்டேன். "பிரிச்சிராதீங்க அண்ணே. டேப் கிழிஞ்சா போட்டோவுல அசிங்கமா தெரியும். தள்ளி நிக்கச் சொல்லுங்க" என்றார். தள்ளி நிற்கச் சொன்னேன். ஓரடி தள்ளி நின்றார்கள். அவள் மறுபடி ராடை எடுத்தாள்.

பெட்டி ஊராட்சி அறை வாசலில் என் கண்ணுக்கு எதிரே இருந்தது. என் சட்டைப் பையில் பிளேடு இருந்தது.

வெல்டிங் வெளிச்சத்தின் கெட்ட குணம், உடனே ஒன்றும் தெரியாது. ஐந்தாறு மணி நேரம் கழித்துத்தான் தெரியும். சாயங்காலம் ஐந்து மணிக்கு முதல் வீட்டில் அழுகைச் சத்தம் கேட்டது. ஆறு மணிக்குள் பதினொரு வீட்டிலும் கேட்டது. கண்ணுக்குள் மணலை அள்ளிப் போட்டு யாரோ தேய்ப்பதுபோல் இருக்கும். இமையைத் திறக்கவும் முடியாது, மூடவும் முடியாது.

ஊரில் யாரோ தாய்ப்பால் விட்டால் எரிச்சல் அடங்கும் என்றார்கள். பட்டறைகளில் நாங்களும் அதைத்தான் சொல்வோம், ஆனால் எங்களுக்கு யார் தருவார்கள்? தெற்குத் தெருவில் பிள்ளை பெற்று ஒரு மாதம் ஆன ஒருத்தி இருந்தாள். பதினொரு பெண்களையும் கையைப் பிடித்து நடத்திக் கூட்டிப்போய் அவள் வாசலில் வரிசையாக உட்கார வைத்தார்கள். பாலாடைச் சங்கில் பீய்ச்சி ஒவ்வொருத்தி கண்ணிலும் விட்டாள்.

"ஏட்டி, எம்பிள்ளைக்குக் கொஞ்சம் மிச்சம் வைங்கட்டி" என்றாள் அவள். கண்ணைத் திறக்க முடியாமலே இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். அன்றைக்கு அந்த ஊரில் கேட்ட கடைசிச் சிரிப்பு அதுதான்.

காட்டு வேலை முடிந்து ஆண்கள் வந்து தொட்டிக்குக் கீழே கூடினார்கள். லோடு ஆட்டோக்காரன் கூட்டத்தைப் பார்த்ததும் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். நான் மிஷின் பக்கத்தில் நின்றேன்.

"கண்ணு போவாது. ரெண்டு நாள்ல தெளிஞ்சிரும். எனக்கு நூறு தடவ வந்திருக்கு" என்றேன்.

"ஒனக்கு வந்தா என்ன வே? ஒன்னிய யாரும் பொண்ணு பாக்க வாராவளா?" என்றார் ஒருவர். அவர் மகளை மறுநாள் பெண் பார்க்க வருவதாக இருந்தது. அதற்குள் வீடியோ எப்படியோ கைமாறிப் போய், மாப்பிள்ளை வீட்டிலிருந்து போன் வந்துவிட்டது. பிள்ளைக்குக் கண் தெரியட்டும், பிறகு பார்க்கலாம் என்றார்களாம்.

அவர் போனைத் தூக்கி அந்த வீடியோவை எல்லோருக்கும் காட்டினார். அதில் ஷீல்டு பிடித்து ஒட்டுகிறாள் அந்தப் பெண். சுற்றிலும் துப்பட்டாவால் கண்ணை மூடிக்கொண்டு மற்றவர்கள். அவர்களுக்குப் பின்னால் ஊராட்சி அறை வாசலில் அட்டைப்பெட்டி தெளிவாகத் தெரிந்தது. அது என்ன பெட்டி என்று ஒருவரும் கேட்கவில்லை.

"இவ மட்டும் முகத்த மூடிக்கிட்டா பாத்தியளா? தீய வச்சவ இவ, வெந்தது எம்பிள்ள கண்ணு."

அந்தப் பெண் தன் அப்பாவுக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள். ஓர் அம்மா அவள் முகத்துக்கு நேரே வந்து, "ஒங்கண்ணு மட்டும் நல்லாத்தான இருக்கு?" என்று கேட்டாள். கண் நன்றாகத்தான் இருந்தது. அவள் அப்பா தலையைக் குனிந்துகொண்டார்.

கூட்டம் கலைகிற நேரத்தில் அந்தப் பெண் தண்ணீர் பிடிக்க வந்தவள்போல் குடத்தோடு என்னிடம் வந்தாள்.

"பெட்டியப் பத்திச் சொல்லப் போறியளா?"

"சொன்னா பயிற்சியே நின்னுரும் பிள்ள. திங்கக்கிழமையும் கிடையாது, ஒண்ணும் கிடையாது."

குழாயைத் திறந்தாள். குடம் பாதி நிறைந்ததும் மூடினாள்.

"அப்ப சொல்ல வேண்டாம். ரெண்டு நாளு ஏச்சுத்தான. மில்லுல கேக்காத ஏச்சா? வாங்கிக்கிடுதேன்."

படிப்பு நின்றுவிடக் கூடாது என்பதற்காகப் பழியை அவள் ஏற்றுக்கொண்டாள். எனக்கும் அது வசதியாக இருந்தது. அன்றிரவு ஊராட்சி அறையில் அந்தப் பெட்டிக்குப் பக்கத்தில் படுத்து நன்றாகத் தூங்கினேன்.

காலை ஒன்பது மணிக்கு ஒருங்கிணைப்பாளர் காரில் வந்தார். ஒரு பை நிறையக் கண் மருந்து கொண்டுவந்திருந்தார். வீடு வீடாகப் போய்க் கொடுத்தார். பல பேருக்கு அதற்குள் பாதிக் கண் திறந்திருந்தது. எல்லாரிடமும் தன்மையாகப் பேசினார். பிறகு என்னை அறைக்குள் கூப்பிட்டு ஒரு தாளை நீட்டினார்.

நான் எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். ஆனாலும் படித்தேன். கலந்துகொண்ட அனைவருக்கும் பாதுகாப்பு உபகரணம் வழங்கப்பட்டது, அறிவுரை சொல்லப்பட்டது, சிலர் அதை மீறிக் கழற்றிவிட்டனர் என்று இருந்தது.

"வழங்கலயே சார்" என்றேன்.

"எனக்குத் தெரியாதா அண்ணே? இது பேப்பருக்கு. நீங்க போடலன்னா, செஞ்சு காட்டுன ஆளோட கவனக்குறைவுன்னு வேற பேப்பர் வரும். போட்டீங்கன்னா ஒரு மாசம் கழிச்சு வேற ஏரியாவுக்கு அனுப்புறேன்."

கையெழுத்துப் போட்டேன். ஒன்றும் பெரிதாக யோசிக்கவில்லை. பேனா எழுதவில்லை, உதறிவிட்டு மறுபடி போட்டேன். அவ்வளவுதான்.

அவர் தாளை மடிப்பதற்குள் அந்தப் பெண்ணும் அவள் அப்பாவும் வாசலுக்கு வந்தார்கள். அப்பா கையில் போட்டோ ஒட்டிய விண்ணப்பம் இருந்தது. முந்தின வாரம் பெயர் பதிந்து, முத்திரை குத்திக் கொடுத்த படிவம்.

"இது வேண்டாம் சார். ஊர்ல நாலு பேரு மூஞ்சில நான் முழிக்கணும். மில்லு வண்டிக்காரங்கிட்டச் சொல்லியாச்சு. சனிக்கிழமை காலம்பற ஏறுதா."

"வருத்தமாத்தான் இருக்குங்க. உங்க விருப்பம்" என்று ஒருங்கிணைப்பாளர் படிவத்தை வாங்கிக்கொண்டார். தொடக்க விழாவை வேறு ஊருக்கு மாற்றிவிட்டதாகவும் சொன்னார்.

அவள் என்னைப் பார்த்தாள். அப்பா காதில் விழும்படியாகவே சொன்னாள்.

"இப்பச் சொல்லுங்க அண்ணாச்சி. இனி எனக்குப் போறதுக்கு என்ன இருக்கு? நாங் கேட்டேன், நீங்க குடுக்கலன்னு எங்கப்பாகிட்டச் சொல்லுங்க. அந்த ஒண்ணு போதும். அவியளே மனசு மாறுவாவ."

அவள் அப்பா தலையைத் தூக்கினார். அந்த மனிதர் மாறியிருப்பார் என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். மகள்மேல் தவறில்லை என்று யாராவது சொல்லிவிட மாட்டார்களா என்று ஏங்குகிற முகம் அது.

என் கையெழுத்துப் போட்ட தாள் ஒருங்கிணைப்பாளர் சட்டைப் பையில் பாதி வெளியே தெரிந்தது.

"எல்லாருக்கும் சொல்லித்தான் செஞ்சோம்" என்றேன். அது பொய்யும் இல்லை. திரும்பிக்கொள்ளச் சொன்னேன்தானே.

அவள் ஒரு தடவை இருமினாள். அப்பாவும் மகளும் இறங்கிப் போனார்கள். ஒருங்கிணைப்பாளரும் நானும் பெட்டியைத் தூக்கிக் கார் டிக்கியில் வைத்தோம். டேப் கிழியாமல் இருக்கிறதா என்று சுற்றிப் பார்த்துவிட்டு மூடினார். மிஷினை எடுக்க ஆட்டோ மறுபடி வரும், அதுவரை இருங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

நான் இருக்கவில்லை. மத்தியானம் வரை தொட்டிக்குக் கீழே உட்கார்ந்திருந்தேன். அவள் ஒட்டிய இரும்புத் துண்டுகள் அங்கேயே கிடந்தன. கடைசித் துண்டில் ஒட்டு நேராக வந்திருந்தது. அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு எழுந்தேன்.

சங்கரன்கோவில் வந்து சேர்ந்தபோது விளக்கு போட்டுவிட்டார்கள். பயிற்சி நிலையம் இருந்த தெருப் பக்கம் போகவில்லை. பஸ் ஸ்டாண்டில் தண்ணீர் குடித்துவிட்டு, ஒரு பெஞ்சில் பையைத் தலைக்கு வைத்துப் படுத்தேன்.

விடிந்ததும் வேலை தேடிப் போனேன். எனக்குத் தெரிந்தது ஒரே வேலைதான். ராஜபாளையம் சாலையில் வண்டிகளுக்குப் பாடி கட்டுகிற ஒரு பட்டறையில் ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருந்தார்கள். முதலாளி பல்குச்சியைக் கடித்துக்கொண்டு என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"ஒட்டத் தெரியுமா வே?"

"தெரியும் அண்ணாச்சி."

"கண்ணாடி வச்சிருக்கீரா? இங்கன ஒண்ணுதான் கெடக்கு, அதுவும் கீறல்."

பையிலிருந்து எடுத்துக் காட்டினேன். சரி என்று உள்ளே கூட்டிப்போனார்.

ஒரு நூற்பாலை வேன் நின்றது. உள்ளே இருக்கைகளுக்கு நடுவே நடைபாதை இருந்தது. அதில் நீளவாக்கில் ஓர் இரும்பு பெஞ்சு போட வேண்டும்.

"எட்டுப் பேரு உக்காரணும். புதுசா ஆள் எடுக்காவளாம். நாளைக்குக் காலம்பற ஷிப்டுக்கு வண்டி போயாவணும்."

நாளை சனிக்கிழமை. இந்த வண்டிதான் அந்த ஊருக்குப் போகிறதா என்று கேட்கலாம். கேட்கவில்லை. ராஜபாளையம் பக்கம் எத்தனையோ மில்கள், எத்தனையோ வண்டிகள்.

டேப்பைப் பிடித்து அளந்து, பைப்பை அறுத்து, கால்களை வைத்து ஒட்டினேன். பத்து மணிக்குள் சட்டம் நின்றுவிட்டது. மேலே தகட்டை வைத்து ஒட்டிய பிறகு ஓரம் கத்திபோல் இருந்தது. முதலாளி வந்து காலால் மிதித்துப் பார்த்தார்.

"தாங்கும். விடும் வே, பெயிண்ட் அடிச்சிருவோம்."

"ஓரம் கிழிக்கும் அண்ணாச்சி. துப்பட்டா மாட்டும்."

"மாட்டுனா எடுத்துவிட்டுக்கிடுவாளுவ. ஒமக்கென்ன?"

அவர் டீ குடிக்கப் போனதும் அரத்தை எடுத்துக்கொண்டு வேனுக்குள் மண்டிபோட்டு உட்கார்ந்து ஓரத்தை ராவத் தொடங்கினேன்.